வீட்டுக்கு இரண்டு பேர்

ஒரே உலையில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம். வறட்சிக் காலத்தில் குடிக்கவும் சமைக்கவும் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் நீர். பட்டியலைப் பொது இடத்தில் மூன்று நாள் ஒட்டிவைக்க வேண்டும். எழுத்தில் வந்த ஆட்சேபணைக்குப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். நான் அரசாங்க வேலையில் இருந்த காலத்துச் சுற்றறிக்கை இப்படித்தான் சொன்னது. அதன் தமிழ்ப் பிரதியைப் பிழை திருத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு அது ரத்தாகிவிட்டதா என்று விசாரித்தேன். ரத்தாகவில்லை. ரத்துச் செய்வதென்றால் யாராவது அதை எடுத்து வாசித்திருக்க வேண்டும்.

நான் இருப்பது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், என் மனைவியின் ஊரில். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்ணுக்குத்தான். மாமனார் தன் வளவை இரண்டாகப் பிரித்து மூத்தவளுக்கும் இளையவளுக்கும் கொடுத்தார். மூத்தவளோடு நான் வந்தேன். நாற்பது வருடங்களாக இங்கே இருக்கிறேன். ஆனாலும் ஊருக்கு நான் வந்த மாப்பிள்ளைதான். தலை முழுதும் நரைத்த பிறகும் என்னைக் காட்டி, "இவர் எங்கட மாப்பிள்ளை" என்று அறிமுகம் செய்கிறார்கள். அதில் மரியாதை உண்டு. இவர் முன்னால் எதையும் முழுதாகப் பேசவேண்டாம் என்ற எச்சரிக்கையும் உண்டு.

கச்சான் என்ற வறண்ட மேல்காற்று வீசத் தொடங்கினால் எங்கள் தெருவின் கிணறுகளில் உவர் ஏறும். வாவி நிலத்துக்குக் கீழே மெல்ல நகர்ந்து வருவது மாதிரி. முதலில் தேநீரில் தெரியும், பால்மா திரியும். பிறகு சோற்றில் தெரியும். கடைசியில் வெறும் வாயிலேயே தெரியும். கடந்த வருடம் ஆடி பிறக்கும்போதே மூன்றாவது கட்டத்துக்கு வந்துவிட்டோம். குழாய் நீர் எங்கள் தெருமுனை வரைக்கும் வரைபடத்தில் வந்திருக்கிறது. நிலத்தில் வரவில்லை.

அப்போதுதான் தண்ணீர் ஏற்றிவரும் வண்டி, பவுசர், வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஒன்பது மணிக்கு, தெருமுனை வேம்பின் கீழ். கூடவே ஒரு பட்டியலும் வந்தது. அதை மூன்று நாள் எங்கும் ஒட்டவில்லை. மூன்று நிமிடம்கூட ஒட்டவில்லை. கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அவரே எங்கள் கோயிலின் வண்ணக்கர், அதாவது நிர்வாகி. என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. அதனால் எனக்கு மச்சான். வீட்டுக்காரர் பெயரை வாசித்து, எத்தனை பேர் என்று வாசித்து, எத்தனை லீற்றர் என்று வாசித்தார்.

முதல் வீடு, இரண்டு பேர், இருபது லீற்றர். அந்த வீட்டில் ஆறு பேர். இரண்டாவது வீடு, இரண்டு பேர், இருபது லீற்றர். அங்கே ஐந்து பேர். மூன்றாவது வீட்டில் ஓய்வு பெற்ற மெதடிஸ்த ஆசிரியரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள்; பட்டியலில் அந்த வீடு ஆளில்லாத வீடு. ஆசிரியர் கேனைக் கையில் பிடித்தபடி பட்டியலின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நான் இஞ்ச நிக்கிறன்தானே தம்பி," என்றார்.

"பட்டியல்ல நீங்க இல்ல சேர்," என்றார் வண்ணக்கர்.

அடுத்தது என் மச்சாளின் வீடு, அதாவது மனைவியின் தங்கை வீடு. அவளும் கணவனும், இரண்டு மகள்மாரும், மூத்த மகளின் கணவனும், மூன்று பேரப்பிள்ளைகளும், ஆக எட்டுப் பேர். இரண்டு பேர், இருபது லீற்றர். அடுத்தது எங்கள் வீடு. இரண்டு பேர், இருபது லீற்றர். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வேம்பின் கீழ் நின்ற இருபத்திரண்டு வீட்டுக்காரரில் அரசாங்கத்தால் சரியாக எண்ணப்பட்ட ஒரே ஆள் நான்.

"சேருக்கு மட்டும் கணக்குப் பிழைக்காது," என்றான் பின்னால் ஒருவன்.

"அவருட கையெழுத்தப் பாத்தா அங்க இன்னும் எழும்பி நிப்பாங்களாம்," என்றாள் இன்னொருத்தி.

நானும் என் பங்குக்குச் சந்தேகப்பட்டேன். நான் சந்தேகப்பட்டது அலுவலகத்தில் பட்டியல் தயாரித்த கையை. முப்பத்து நான்கு வருடம் பட்டியல்களோடு வாழ்ந்தவன் நான். ஒரு நிரலில் மேலிருந்து கீழ்வரை இரண்டு, இரண்டு, இரண்டு என்று நின்றால் அதற்கு ஒரே விளக்கம்தான்: யாரோ மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலையை முடித்திருக்கிறார்கள். இடைக்கிடை ஒரு மூன்று இருந்தது. அதையும் நான் நம்பவில்லை. நம்பவைப்பதற்காகப் போட்ட மூன்று அது என்று நினைத்தேன்.

இதில் எனக்குக் கவலை தந்தது மச்சாளின் சிறுநீரகம். அவளுக்கு முன்பே ஒருமுறை கல் வந்து போனது. கிளினிக் அட்டையில் வைத்தியர் சிவப்புப் பேனையால் எழுதியிருந்தார்: நாளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர். மீண்டும் ஒரு கல் இருக்கிறது, இப்போது சிறியது, தண்ணீர் குடித்தால் தானாக இறங்கும், குடிக்காவிட்டால் வளரும் என்றும் சொல்லியிருந்தார். எட்டுப் பேருக்கு இரண்டு நாளுக்கு இருபது லீற்றர். அவள் ஆறு லீற்றரைத் தனக்கென்று எடுத்துவைப்பவள் அல்ல. எட்டாவது ஆளாக, மிஞ்சியதைக் குடிப்பவள்.

அன்று பின்னேரம் மனைவி எங்கள் கேனில் பாதியைக் குடத்தில் ஊற்றி, வேலிப் பொட்டால், அந்த ஆள் நுழையும் இடைவெளியால், எடுத்துக்கொண்டு போனாள். ஐந்து நிமிடத்தில் குடம் நிறையவே திரும்பி வந்தது.

"வாங்குறாள் இல்ல," என்றாள்.

"ஏனாம்?"

"உங்களத்தான் சொல்லுறாள்."

நானே வேலிக்குப் போனேன். மச்சாள் கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தண்ணி எடு. அட்டையில எழுதியிரிக்கு, மூண்டு லீற்றர்," என்றேன்.

"எங்களுக்கு எழுதினது இருபது லீற்றர், அத்தான். உங்களுக்கு எழுதினது உங்களுக்கு."

"எனக்கும் இருபதுதானே."

"ஓம். உங்களுக்குச் சரியா இருபது." சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "அங்க ஒரு பேப்பர் அசைஞ்சா உங்களுக்குத் தெரியும். எட்டுப் பேர ரெண்டு பேராக்கினது மட்டும் தெரியாதாக்கும். ஒரு சொல்லுச் சொல்லியிரிக்கலாம். மறுகா இரங்கித் தண்ணி தாறது எனக்கு வேணாம்."

நான் வேலியை விட்டுத் திரும்பினேன். ஆட்சேபணை எழுத்தில் இருந்தால்தான் பதில் எழுதலாம் என்ற பழக்கம் எனக்கு. அதோடு, அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் என்னைத்தான் சந்தேகித்திருப்பேன்.

இதற்கிடையில் எனக்கு இன்னொரு சந்தேகம் பிறந்தது. பவுசர் வரும்போது பின்சில்லு அமுங்கி வரும். பட்டியல்படி கொடுத்து முடித்துப் போகும்போதும் பாதிக்கு மேல் அமுங்கியேதான் போகும். அந்த மிச்சத் தண்ணீர் எங்கே போகிறது? யாரோ வீடு கட்டுகிறார்கள், யாரோ விடுதி நடத்துகிறார்கள். நான் மூன்று முறை கவனித்துவிட்டு, நான்காம் முறை சாரதியின் பக்கத்தில் போய் நின்றேன். அவர் ஏறாவூர்க்காரர், தாடி வைத்த, அமைதியான மனிதர்.

"தம்பி, மிச்சம் இரிக்கேக்குள்ள இந்தச் சனத்துக்கு ஊத்தினா என்ன?"

"பட்டியலுக்கு மேல ஊத்தேலா, சேர். மீற்றர் இரிக்கு."

"அப்ப மிச்சத்த என்ன செய்யுறீங்க?"

"திருப்பிக் கொண்டு போறது."

"எங்க?"

அவர் என்னை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டார். "ஏறுங்க சேர். பாத்திட்டு வாங்க. நம்பிக்கை இல்லாத ஆளுக்கு வாயால சொல்லி என்ன."

ஏறினேன். கரடியனாற்றுப் பக்கம், கதிர் வெட்டிய வயல் வட்டைகளின் நடுவே போகும் தெருவில், தண்ணீர் எங்கள் முதுகுக்குப் பின்னால் அலைந்து மோதும் சத்தத்தோடு போனோம். எந்த வீட்டின் முன்னாலும் அவர் நிறுத்தவில்லை. கையொலிபேசி இரண்டுதரம் அடித்தது. இரண்டுதரமும் அவருடைய மனைவி. தேங்காய் வாங்கிவரச் சொன்னதாகத் தெரிந்தது. நீர் நிரப்பும் இடத்துக்கு வந்து, குழாயை மாட்டி, மிச்சத் தண்ணீரை எடுத்த தாங்கிக்கே திருப்பி விட்டார். காவல் கூண்டில் இருந்தவர் மீற்றரைப் பார்த்து ஒரு புத்தகத்தில் எழுதினார். சாரதி கையொப்பம் வைத்தார். எல்லாம் ஒழுங்கு.

"இப்ப சரியா சேர்?" என்றார்.

சரி என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு ஏமாற்றமாக நான் உணர்ந்தது குறைவு. அந்த மனிதன் தண்ணீரை விற்றிருந்தால் எனக்கு ஒரு கடிதம் எழுத இருந்திருக்கும். களவைப் பிடிக்கலாம். ஒழுங்கை என்ன செய்வது? ஒரு வீட்டில் மட்டும் எட்டுப் பேர் தாகத்தோடு இருக்கும் தெருவுக்குத் தண்ணீர் வந்து, அளந்து, திரும்பிப் போய், கையொப்பத்தோடு பழைய இடத்தில் சேர்கிறது. எங்கும் ஒரு துளி சிந்தவில்லை.

வீட்டுக்கு வந்து, கடிதம் எழுதும் முன் கணக்கைச் சரிபார்க்க முடிவு செய்தேன். ஆளுக்கு ஐந்து லீற்றர் என்று பிழை திருத்தினேனே தவிர, ஒரு வீடு உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று நான் ஒருநாளும் அளந்ததில்லை. ஒரு லீற்றர் போத்தலை எடுத்தேன். கேனிலிருந்து எது எடுத்தாலும் இந்தப் போத்தலால்தான் எடுக்கவேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன்.

"சோத்துக்குமா?"

"சோத்துக்கும்."

"அரிசி கழுவுறதுக்கு?"

"அது கிணத்துத் தண்ணியில."

"ரெண்டு கழுவல் கிணத்துத் தண்ணியில. கடைசிக் கழுவல் நல்ல தண்ணியில. இல்லாட்டிச் சோறு கசக்கும். நாப்பது வருசம் திண்டீங்க, தெரியாதா?"

தெரியாது. எழுதிக்கொண்டேன். முதல்நாள் குடித்தது இரண்டு பேரும் மூன்றரைப் போத்தல். தேநீர் ஒன்றரை. சோறும் கறியும் மூன்று. மிஞ்சிய சோற்றுக்கு இரவில் ஊற்றி வைத்தது அரை. என் மருந்துக் குளிசைகளுக்கு அரை. வெற்றிலை போட்டு வாய் கொப்புளித்தது கால். அதை நிறுத்தச் சொன்னேன், அவள் என் குளிசைகளை நிறுத்தச் சொன்னாள். மொத்தம் ஒன்பதேகால். சுற்றறிக்கை பத்து என்கிறது. முக்கால் லீற்றர் மிச்சம். அரசாங்கத்தை நான் கொஞ்சம் மதித்த பின்னேரம் அது.

அந்த நேரம் பார்த்து மனைவியின் உறவுக்காரர் மூன்று பேர் வந்தார்கள். தேநீர், அதற்கு முன் ஒரு செம்பு தண்ணீர், போகும்போது வெயிலுக்கு இன்னொரு செம்பு.

"வாற ஆக்களுக்குக் குடுக்கிறது எந்தக் கணக்கில வருது?" என்று கேட்டாள் மனைவி.

எந்தக் கணக்கிலும் வரவில்லை. ஒரு வீடு தன் ஆட்களுக்கு மட்டும் தண்ணீர் வைத்திருக்கும் என்று நினைத்துத்தான் அந்தச் சுற்றறிக்கை எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர்களின் வீட்டுக்கு யாரும் போவதில்லை போலும்.

எப்படிப் பார்த்தாலும் மச்சாள் வீட்டுக்கு இரண்டு நாளுக்கு எண்பது லீற்றர் வேண்டும். அவளுடைய மூன்று லீற்றரைப் பார்த்தால் அதற்கும் மேல். வந்தது இருபது. இதையெல்லாம் போட்டு, பட்டியல் தயாரித்தவர் ஒரே எண்ணைக் கீழ்வரை பிரதி செய்திருக்கிறார் என்ற என் முடிவையும் போட்டு, ஆட்சேபணைக் கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது வேலிக்கு அப்பால் வாளி விழுந்த சத்தம் கேட்டது. மச்சாள் கிணற்றடியில் குந்தியிருந்தாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்திருந்தாள், மறு கையில் வாளிக் கயிறு. முகம் சாம்பலாக இருந்தது. பல்லைக் கடித்திருந்தாள்.

முச்சக்கரவண்டி பிடித்து, பாலம் தாண்டி, நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இளம் வைத்தியர் அட்டையைப் புரட்டினார்.

"தண்ணி குடிக்கிறீங்களா அம்மா?"

"குடிக்கிறன் மனே."

"எவ்வளவு?"

அவள் கட்டிலோரத்தில் இருந்த தம்ளரைக் காட்டினாள். "அதில ரெண்டு. சில நாளைக்கு மூண்டு."

"ஒரு நேரத்துக்கா?"

"ஒரு நாளைக்கு."

வைத்தியர் என்னைப் பார்த்தார். வீட்டு ஆம்பிளை என்று நினைத்திருப்பார். சேலைன் ஏற்றச் சொன்னார். கல் வளர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் வெட்ட வேண்டிவரும், இரண்டு கிழமைக்குக் கட்டாயம் தண்ணீர் குடித்து வாருங்கள், பிறகு பார்ப்போம் என்றார். அரசாங்கம் அவளுக்குத் தரவேண்டிய தண்ணீரில் ஒரு பங்கு அன்று ஊசி வழியாக ஏறியது. சொட்டுச் சொட்டாக, அதிலும் மீற்றர் இருந்தது.

திரும்பும் வழியில் நான் நீட்டிய தண்ணீர்ப் போத்தலை அவள் வாங்கினாள். திறக்கவில்லை. வீடு வந்ததும் பேரப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை நான் பட்டியல் தயாரித்த அலுவலகத்துக்குப் போனேன். ஆட்சேபணையைத் தபாலில் போட்டிருக்கலாம். ஆனால் எந்தப் பட்டியலுக்கும் அடியில் வீட்டுக்காரர் நிரப்பிய படிவங்கள் இருக்கும்; எனக்கு அவற்றைப் பார்க்கவேண்டும். தகவல் கேட்கும் உரிமையின் கீழ் எந்தப் படிவத்தில் கேட்கவேண்டும் என்பது தெரியும், அதைப் பூர்த்தி செய்தே கொண்டுபோனேன். மேசையில் இருந்தவள் ஒரு பிள்ளை, யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம். என் படிவத்தை வாசித்துவிட்டு, "ஐயா, இதுக்கெல்லாம் விண்ணப்பம் வேண்டாம். இந்தாங்கோ," என்று கட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

"எங்கட தெருவுக்கு நீங்கதான் பட்டியல் செய்தீங்களா, மகள்?"

"ஓம் ஐயா. நான்தான்."

"எல்லா வீட்டுக்கும் இரண்டு பேர் எப்படி வரும்?"

"எனக்கும் அதிசயமாத்தான் இருந்தது. இந்தப் பக்கத்துச் சனம் சின்னக் குடும்பமா இருக்கினம் எண்டு நினைச்சன். அப்பிடித்தானே எழுதியிருக்கினம், பாருங்கோ."

பார்த்தேன். அவள் பிரதி செய்யவில்லை. அரைத் தாள் படிவங்கள், பங்குனியில் கொடுத்தவை. "வறட்சிக்கால வீட்டு விபரத் திரட்டு" என்று தலைப்பு. வீட்டுக்காரர் பெயர், முகவரி, கிணறு உண்டா, கையொப்பம். நடுவே ஒரு சின்னக் கட்டம்: "குடி. எண்." அதற்குள் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் தங்கள் கையால், நீலப் பேனையால், கறுப்புப் பேனையால், ஒருவர் பென்சிலால், 2 என்று எழுதியிருந்தார்கள்.

"இந்த 'குடி. எண்.' என்னது?"

"குடியிருப்போர் எண்ணிக்கை, ஐயா. தாளில இடம் காணாது எண்டு சுருக்கினது."

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. மட்டக்களப்பில் குடி என்றால் தாய்வழி வம்சம். பிள்ளைகளுக்குத் தாயின் குடி. கோயில் உரிமையும் குடிப்படிதான். ஒரே குடிக்குள் கல்யாணம் செய்வதில்லை, ஆகவே புருஷன் எப்போதும் வேறு குடி. ஒரு வீட்டில் எத்தனை குடி என்று கேட்டால், அங்கே மூன்று பேர் இருந்தாலும் பத்துப் பேர் இருந்தாலும் விடை ஒன்றுதான்: அவளுடையது ஒன்று, அவனுடையது ஒன்று. வேறு குடியில் மருமகன் எடுத்த வீட்டில் மூன்று. நான் நம்பாத அந்த மூன்றுகள் சத்தியமான மூன்றுகள்.

மெதடிஸ்த ஆசிரியரின் படிவத்தையும் தேடினேன். அவர் கோயில் குடிக் கணக்குக்குள் இல்லாதவர். அவர் அந்தச் சொல்லை வேறு விதமாக விளங்கிக்கொண்டு, அழகான எழுத்தில், கொஞ்சம் கோபத்தோடு அழுத்தி எழுதியிருந்தார்: "இல்லை." அந்தப் பிள்ளை அதை வீட்டில் ஆளில்லை என்று எடுத்திருக்கிறாள். தெருக்கோடியில் ஒருவர் மட்டும் உண்மை பேசி, "1. ஞாயிறு மாத்திரம்" என்று எழுதியிருந்தார். அவருக்குப் பத்து லீற்றர் கிடைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பிள்ளைக்கு விளக்கினேன். அவள் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "நான் இப்பவே மாத்திப்போடுவன் ஐயா. ஆனா கையொப்பம் வைச்ச பட்டியல். மேலிடத்து அனுமதி இல்லாமல் ஒரு எண்ணும் தொடேலாது. ஆட்சேபணை ஒண்டு எழுதித் தாங்கோ."

என் பையில் ஒன்று இருந்தது. அதில் நான் அவளைத்தான் குற்றம் சாட்டியிருந்தேன். வேறொன்று எழுதித் தருகிறேன் என்றேன்.

இரண்டு படிவங்களைக் கையொலிபேசியில் படமெடுத்துக்கொண்டு நேரே மச்சாள் வீட்டுக்குப் போனேன். மனைவியும் தண்ணீர்க் குடத்தோடு வேலிப் பொட்டால் வந்தாள்.

"இது ஆருட எழுத்து?" என்று படத்தைக் காட்டினேன்.

மச்சாள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். "என்ட எழுத்துத்தான்."

"எட்டுப் பேர் இரிக்கிற வீட்டில ஏன் ரெண்டு எண்டு போட்ட?"

"குடி எத்தனை எண்டுதானே கேட்டிரிக்கு. எங்கட குடி ஒண்டு. இவருட குடி ஒண்டு. மருமகன் இவருட தங்கச்சிட மகன், அதே குடி. ரெண்டுதானே."

"அரசாங்கம் ஏன் உன்ட குடியக் கேக்கப்போகுது?"

"கோயிலில எந்தக் குடிக்கு உரிமை எண்டு நடக்கிற வழக்குக்கெண்டு வண்ணக்கர் சொன்னார். குடிப் பேரைக் குடுக்க வேணாம், எண்ணிக்கைய மட்டும் குடுங்க, இல்லாட்டிக் கோயிலுக்குள்ள கையப் போடுவாங்க எண்டார். உங்களுக்கிட்டச் சொல்ல வேணாம் எண்டும் சொன்னார். நீங்க வேற குடிதானே."

படிவம் வந்த அன்று, நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஓய்வூதியக் கந்தோரில் நிரூபிப்பதற்காக நகரத்துக்குப் போயிருந்தேன். அதற்குள் ஊர் கூடி, அரசாங்கத்தைச் சந்தேகித்து, என்னைச் சந்தேகித்து, மிகக் கெட்டித்தனமாகத் தங்கள் தண்ணீரைத் தாங்களே வெட்டிவிட்டிருந்தது.

மச்சாள் அடுத்த படத்தைத் தள்ளிப் பார்த்தாள். "இது அக்காட. அக்காவும் ரெண்டுதானே போட்டிரிக்கா."

நான் மனைவியிடம் திரும்பினேன். "நீ ஆளை எண்ணித்தானே எழுதின?"

"ஆளை ஏன் எண்ணுற? உங்கட குடி ஒண்டு, என்ட குடி ஒண்டு."

"அப்ப உங்களுக்கும் பிழையாத்தான் வந்திரிக்கு," என்றாள் மச்சாள் மெதுவாக. "பிழையாப் போய்ச் சரியா வந்திரிக்கு. அத்தான், அப்ப உங்களுக்கு உண்மையா ஒண்டும் தெரியாதா?"

"ஒண்டும் தெரியாது."

முப்பத்து நான்கு வருடச் சேவையில் அந்த வசனத்தை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்ன முதல் தடவையே பலன் கிடைத்தது. அவள் அக்காவின் கையிலிருந்த குடத்தை வாங்கி, செம்பில் ஊற்றி, நின்ற நிலையில் முழுதாகக் குடித்தாள். பிறகு இன்னொரு செம்பு.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக் கேனும் ஒரு வீட்டில் இருந்தது. நாற்பது லீற்றர், பத்துப் பேர், இரண்டு நாள். காலையில் முதலாவதாக என் அளவுப் போத்தல் மூன்று தடவை நிரம்பி மச்சாளின் பக்கம் போகும். மிச்சத்தில்தான் மற்றவர்கள். நாங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோறாக்கினோம், தேநீரை விட்டோம், வந்தவர்களுக்கு இளநீர் வெட்டினோம். மச்சாளின் மருமகன் கல்லடியில் ஒரு நண்பன் வீட்டுக் குழாயில் பிடித்து மோட்டார் சைக்கிளில் இரண்டு கேன் கொண்டுவருவான். பேரப்பிள்ளைகள் அவளுடைய போத்தலைத் தொட்டால் என் மனைவி கையில் அடித்தாள். மூன்று லீற்றர் குடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று மச்சாள் முறைப்பாடு செய்தாள். அவள் முழுவதையும் குடிப்பதாக நான் நம்பவில்லை. போத்தலை உயர்த்திப் பார்த்தேன்.

புதிய ஆட்சேபணைக்காக வீடு வீடாகப் போய் ஆட்களை எண்ணினேன். இப்போது எல்லோருக்கும் குடும்பம் பெருகியிருந்தது. கட்டாரில் இருக்கும் மகன், கொழும்பில் வேலை செய்யும் மகள், போன வருடம் செத்த மாமா. வண்ணக்கர் வீட்டில் பன்னிரண்டு என்றார்கள். வாசலில் செருப்பை எண்ணினேன், ஏழு சோடி.

"மச்சான், போனமுறை கோயிலுக்காகக் குறைச்சீங்க. இந்தமுறை ஆருக்காகக் கூட்டுறீங்க?"

"குறைச்சுப் பட்டது போதும் எண்டுதான்," என்றார் அவர். வெட்கப்படவில்லை. ஏழு என்றே எழுதினேன். மெதடிஸ்த ஆசிரியர் வீட்டுக்கு இரண்டு என்று எழுதி, இருவரும் உயிரோடு இருப்பதை நானே உறுதி செய்வதாகக் குறிப்பிட்டேன். கடிதத்தை நேரில் கொடுத்து, கிடைத்ததற்கு முத்திரையும் கையொப்பமும் வாங்கினேன். பதினான்கு நாட்களை நாட்காட்டியில் வட்டமிட்டேன். பதினைந்தாம் நாள் நினைவூட்டல் அனுப்பினேன். முப்பதாம் நாள் இரண்டாவது நினைவூட்டல், பிரதியோடு. பவுசர் இருபது லீற்றரையே கொண்டுவந்து, மிச்சத்தை ஒழுங்காகத் திருப்பிக் கொண்டுபோனது.

இரண்டு கிழமையில் மச்சாளின் கல் இறங்கியது. பயறளவு. கிளினிக்கில் மறுபடி படம் எடுத்துப் பார்த்து, வெட்டத் தேவையில்லை என்றார்கள். அட்டையில் மூன்று லீற்றர் என்ற வரியை மட்டும் அழிக்கவில்லை, அது அவள் இருக்கும்வரை இருக்கும் என்றார்கள். அதன் பிறகும் நாங்கள் பாதுகாப்புக்காகப் போத்தலை நிறுத்தவில்லை. ஐப்பசியில் வானம் கறுத்து, மழை தொடங்கி, கிணற்றில் உவர் இறங்கியபோதுதான் கேன்கள் அவரவர் வீட்டுக்குப் போயின. பவுசர் வருவதும் நின்றது.

கடிதம் வந்தபோது தெருவில் முழங்காலளவு வெள்ளம். தபால்காரர் சைக்கிளை வேம்பில் சாத்திவிட்டு, கடித உறையைத் தலைக்கு மேல் பிடித்தபடி நடந்து வந்தார். மச்சாளை வேலிப் பொட்டால் கூப்பிட்டு, அவள் வீட்டைப் பற்றிய பகுதியை உரக்க வாசித்தேன். தங்கள் ஆட்சேபணை ஏற்றுக்கொள்ளப்பட்டது, மேற்படி வீட்டுக்கு எண்மர் எனத் திருத்தப்பட்டுள்ளது, அடுத்த வறட்சிக்கால விநியோகத்திலிருந்து அதன்படி நீர் வழங்கப்படும்.

அவள் நீருக்குள் நின்றபடி யோசித்தாள். "மருமகன் போன மாசம் வெளிநாட்டுக்குப் போயிட்டாரே, அத்தான். இப்ப நாங்க ஏழு பேர். அறிவிக்கோணுமா?"

ஆள் தொகையில் மாற்றம் ஏற்பட்டால் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். அதே சுற்றறிக்கை, கடைசிப் பந்தி.

"வேணாம்," என்றேன். "எட்டாவே கிடக்கட்டும். வாற வருசம் நீ மூண்டு லீற்றர் குடிக்கோணும், வாற ஆக்களுக்கும் ஊத்தோணும்."

அவள் போன பிறகு கடிதத்தின் தலையைப் பார்த்தேன். பதினான்கு நாட்களுக்குள்ளேயே அது கையொப்பமாகியிருந்தது. நடைமுறையில் ஒரு குறையும் சொல்ல இடமில்லை. என் கைக்கு அது வந்து சேர்ந்தது, கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல் நாள்.